உடன் வந்தவர்

பெரிய மனிதர்கள் வாழ்ந்த ஊர்களைப் பற்றி எழுத்தாளர் வெள்ளியங்கிரி பதினொரு பயண நூல்கள் எழுதினார். எந்த ஊருக்கும் அவர் போனதில்லை. பஸ் ஏறி அலைந்ததெல்லாம் அவரிடம் வேலை பார்த்த போத்தனூர் உமர் பாரூக். திரும்பி வந்து பாரூக் சொல்லச் சொல்ல, வெள்ளியங்கிரி சாய்வு நாற்காலியில் கிடந்தபடி 'நான் கண்டேன்' என்று எழுதிக்கொள்வார். முன்னுரைகளில் வீட்டு நாய்க்குக்கூட நன்றி உண்டு. பாரூக்கின் பெயர் கிடையாது.

தொண்ணூற்றாறாம் வருடம் வெள்ளியங்கிரி இறந்தார். பாரூக் மயானம் வரை போய்வந்தார். அடுத்த மாதமே புது நோட்டில் தன் பெயரை எழுதிக்கொண்டு, பழைய கவிஞர் ஒருவர் தங்கியிருந்த எஸ்டேட் பங்களாவைப் பார்க்க வால்பாறைக்கு பஸ் ஏறினார். இந்தப் புத்தகமாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

மத்தியானம் பங்களா காவலாளி பதிவேட்டை நீட்டினார். அன்றைய தேதியில், மை காயாத ஒரு வரி இருந்தது. பெயர்: வெள்ளியங்கிரி. உடன் வந்தவர்: எடுபிடி ஒருவன். இருபது வருடம் பார்த்துப் பழகிய அதே கையெழுத்து.

"ஐயா உள்ள நாற்காலி போட்டு உக்காந்திருக்காருங்க," என்றார் காவலாளி. "பங்களாவைச் சுத்திப் பாத்துப்போட்டு வந்து உங்களைச் சொல்லச் சொன்னாருங்க. அவரு எழுதோணுமாமுங்க."