நெல் தராசில் இரண்டு பேர்

நெடுங்காட்டுக் களத்தில் சாயங்கால வெயில் சம்பா நெல் மூட்டைகள்மேல் சாய்ந்திருக்கிறது. பதர்த் தூசி மினுங்கியபடி இறங்குகிறது. மூட்டைகளை எடை போட்டு முடித்த புகழேந்தி, தராசைத் துண்டால் தட்டிவிட்டு, “ஏறுங்க அண்ணி” என்கிறான். அஞ்சுகம் பக்கத்து மூட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். போன அறுவடை முழுக்க முட்டியை மடக்க முடியாமல் நாற்காலியிலேயே கிடந்தவள். உடம்பு இளைத்தால்தான் வலி குறையும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து சோறில்லாத கீட்டோ உணவுமுறை. முட்டை, மீன், தேங்காய் என்று ஓட்டுகிறாள். நெல் விளைகிற வீட்டில் சோற்றைத் தொடாதவள் என்று தெருவே சிரித்தாயிற்று. கூடவே இளைக்கப் புறப்பட்ட ஓரகத்தி அறிவுமதிக்கு வேறு வழி: சோறும் உண்டு, மீனும் உண்டு, ஒரே வேளையில் மட்டும் இரண்டையும் சேர்க்கக் கூடாது. சிவப்பு எண்கள் துடித்து நிற்கின்றன. தீபாவளிக்குப் பார்த்ததைவிட அஞ்சுகத்துக்கு நாலு கிலோ குறைவு. அடுத்து ஏறிய அறிவுமதிக்கும் அதே நாலு. “அடிப்பாவி, சோத்த உட்டது நானு, எறங்குனது ஒனக்குமா?” “நாந்தான் பிரிச்சுப் பிரிச்சுத் தின்னேனேக்கா.” “வயித்துக்குள்ள போயி ஒண்ணாத்தானடி கெடக்குது!” புகழேந்தி சிரிக்கிறான். “மீன் கொழம்பும் சோறும் சேந்தாத்தான அண்ணி நாக்கு ரெண்டாந்தரம் கேக்கும்? ரெண்டு பேருக்கும் அது போச்சுல்ல.” அஞ்சுகத்துக்கு மனம் ஆறவில்லை. தராசடியில் சிந்திய நெல் கண்ணில் பட, “இத அள்ளக்கூட ஆளில்ல” என்று முணுமுணுத்தபடி குந்தி உட்கார்ந்து கூட்டி அள்ளுகிறாள். நிமிர்ந்தால், இருவரும் அவள் முட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய ஒரு கை நிறைய நெல். இன்னொரு கை எதையும் பிடித்திருக்கவில்லை.