மூன்றாவது கம்பி

பாக்கியநாதன் தன் ஹாம் ரேடியோ கோபுரத்தின் உச்சியில், இடுப்பு பெல்ட்டைக் கோபுரத்தோடு மாட்டிக்கொண்டு, ஆன்டெனாவைச் சரிசெய்துகொண்டிருந்தார். கோபுரத்தை இழுத்துப் பிடிக்க மூன்று கம்பிகள். இரண்டுக்குத் தரையில் காங்கிரீட் போட்டிருந்தார். மூன்றாவதற்கு இடம் போதவில்லை. பக்கத்து வீட்டு வாகை மரத்தில் கட்டிவிட்டார். கட்டிக்கொள்ளச் சொன்ன மனிதர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். “ஜெசி, மரத்துக் கம்பி தொளதொளன்னு கெடக்கு. கொஞ்சம் முறுக்கி விடு” என்று மனைவியிடம் சொன்னார். ஜெசிந்தா மதிலோர ஏணியில் ஏறி, கம்பியை இறுக்கும் திருகில் கைவைத்தபோது, மதிலுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த ரம்பம் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தாள். வாகையின் அடிமரம் முக்காலுக்கு மேல் அறுபட்டு, தெருப்பக்கம் சாய்ந்து, விழாமல் நின்றது. மரம் வெட்டுகிறவர் இலைகளுக்குள்ளிருந்து வரும் கம்பியைப் பார்த்தார். அது போய்ச் சேரும் உயரத்தில் இருந்த ஆளையும் பார்த்தார். “மரத்தப் புடிச்சிட்டு இருக்கது ஒங்க கம்பிதாம்மா” என்றார், மூச்சுவிடுவதுபோல. “அவர ஆடாம எறங்கச் சொல்லுங்க.” ஜெசிந்தா திருகிலிருந்து கையை எடுத்து, நிமிர்ந்து பார்த்தாள். மேலே பாக்கியநாதன் கம்பியைச் சுண்டிப் பார்த்தார். கிண்ணென்றது. “இப்பதான் நல்லாருக்கு” என்று சந்தோஷமாகக் கத்தினார். “இன்னும் ஒரு சுத்து முறுக்கு, ஜெசி.”