நாற்பத்தொரு காலிக் கட்டங்கள்

நாற்பத்தொரு தாள்களிலும் ஒரே கையெழுத்து. அது தன் மனைவியுடையது என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிப் புள்ளிவிவரக்காரருக்கு முகம் தொங்கிப் போயிற்று.

காய்ச்சலுக்கு வந்திருந்த புது மாத்திரையை நூற்றிருபது நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நூற்றுக்கு அறுபது பேராவது குணமாகியிருந்தால், இனி எல்லா வார்டுக்கும் அதுதான். அதைக் கணக்கிட்டுச் சொல்வது அவர் வேலை.

வார்டு நர்ஸான அவர் மனைவி மணிக்கொரு தரம் காய்ச்சல், நாடி, குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதியிருந்தாள். ‘மாத்திரை கொடுக்கப்பட்டதா?’ என்ற கட்டம் மட்டும் காலி.

“வீட்டுக்காரர் கணக்குல புலி. வீட்டம்மாவுக்கு ஒரு டிக் போடக் கை வலிக்குதாக்கும்” என்றார் பெரிய டாக்டர். “மேல எழுதிப் போடட்டுமா?”

“வேணாம் சார். நானே சரி பண்ணிடறேன்.”

மற்ற நர்ஸ்கள் டிக் போட்டிருந்த எழுபத்தொன்பது பேரில் குணமானது பாதிகூட இல்லை. காலிக் கட்டக்காரர்களில் முப்பத்தெட்டுப் பேர் நடந்தே வீடு போயிருந்தார்கள். மாத்திரை டப்பாக்களும் தீர்ந்திருந்தன, பிறகென்ன சந்தேகம்? நாற்பத்தொன்றையும் ‘கொடுத்தது’ என்று நிரப்பினார். கணக்கு நூற்றுக்கு அறுபத்து நாலில் வந்து நின்றது.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போனார்.

“என் மானத்தை வாங்கிட்டே. ஒரு டிக் போட உனக்கு என்ன கேடு?”

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். “ஏன் காலின்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்க என்ன இருக்கு? எல்லாத்தையும் ‘கொடுத்தது’ன்னு நானே நிரப்பிட்டேன். அறிக்கை போயாச்சு. நாளைக்குக் காலைலேர்ந்து எல்லா வார்டுலயும் அந்த மாத்திரைதான்.”

அவள் ஈரக் கையோடு அவர் பக்கம் திரும்பினாள்.

“முதல் வாரமே பெரிய டாக்டர்கிட்ட சொன்னேன், இந்த மாத்திரை ஆளைச் சாய்க்குதுன்னு. வாயை மூடுன்னுட்டார். பொய்யா டிக் போட மனசு வரலை. உண்மையை எழுதினா வேலை போயிடும். காலியா விட்டா, கணக்குப் போடற நீங்களாவது வந்து கேப்பீங்கன்னு நம்பினேன்.”

“எதைக் கேக்கணும்?”

“அந்த நாப்பத்தியொரு பேரோட மாத்திரையும் வாஷ்பேசின்லதாங்க போச்சு.”