ராசியான கை

இப்போதெல்லாம் எவனும் கை கழுவுவதில்லை. கையில் வெள்ளி கலந்த துத்தநாகப் பூச்சு இருக்கிறது, தொட்டாலே கிருமி செத்துவிடும் என்று அப்படியே இலை முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்த்தாலே சுடலையாண்டிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் பூச்சு பூசாத கை அவருடையது ஒன்றுதான். அதனாலேயே மருமகள் செண்பகம் தன் இட்லிக்கடை அடுப்படிக்குள் அவரை விடுவதில்லை.

ஆனால் அவள் பூச்சு பூசிக்கொண்ட நாளிலிருந்து மாவு புளிக்கவுமில்லை, பொங்கவுமில்லை. இட்லி கல்லாக வந்தது. கடையை மூடிவிடலாம் என்றுகூட அழுதாள். நேற்று அவளுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் மாமனாரே கையைக் கழுவிக்கொண்டு, மாவில் உப்புப் போட்டுக் கரைத்தார். விடிந்து பார்த்தால் மாவு சட்டியைத் தாண்டி வழிந்திருந்தது.

“மாமா, ஒங்க கை ராசியான கை! இனிமே நீங்கதான் கரைக்கணும்” என்றாள் செண்பகம்.

“ராசியாம் ராசி! இன்னும் ரெண்டு இட்லி வை தாயி.”

வைத்தவள் ஒரு புது டப்பாவைத் திறந்தாள். “இப்பேர்ப்பட்ட கைய சும்மா விடலாமா? இருக்கதுலயே ஒசத்திப் பூச்சு மாமா. நீட்டுங்க.”

சுடலையாண்டி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.