திரும்பிப் பார்க்காத ஃபிட்ஜ்

"ஃபிட்ஜ் மறுபடியும் உங்களைத்தான் திரும்பிப் பார்க்குறான், க்ளெனிஸ்! அவனை விட்டதும் பந்துப் பெட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கோங்க," என்று, நாய்கள் தடை தாண்டிப் பந்தெடுத்து வரும் ஃப்ளைபால் பயிற்சித் திடலின் மறுமுனையிலிருந்து கத்தினான் டேரன்.

"நீ சத்தமா கூப்பிடுடா. உன் குரலுக்கு எலிகூட வராது!"

நாயை விட்டதும் க்ளெனிஸ் குனிந்துகொண்டாள். எட்டிப் பார்க்க மனம் துடித்தது; பார்க்கவில்லை. ஃபிட்ஜ் நான்கு தடைகளையும் தாண்டி, நேராக டேரன் மேல் பாய்ந்தது.

"எசமான் மேல என்ன பாசம்!" என்று வியந்தாள், குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்.

"நாளையிலேர்ந்துதான் டேரன் எசமான்," என்றாள் க்ளெனிஸ். "நான் போற முதியோர் இல்லத்துல நாய்க்கு இடமில்லையாம். குட்டியிலேர்ந்து ஃபிட்ஜ் என் கட்டில்லதான் தூங்குறான்."

"இன்னொரு தடவை ஓட விடலாமா?" என்று கேட்டான் டேரன்.

"வேண்டாம்டா. இந்தத் தடவை நானே அவனைத் திரும்பக் கூப்பிட்டுடுவேன்."