மஞ்சள் கட்டங்கள்

“சாப்பாடு ஆறுது! இன்னுமா அந்த இங்கிலீஷ் வீட்டுப்பாடம்?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“இரும்மா, ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி” என்றான் அவன். குறுக்கெழுத்துத் தாளின் மேல் அடைகாக்கும் கோழிபோல் கவிழ்ந்து கிடந்தான். போன வாரம் மூன்று தப்பு. டீச்சர் போட்ட சிவப்புச் சுழிகள் இன்னும் கண்ணிலேயே நின்றன.

பந்தைத் தட்டிக்கொண்டே குட்டி எட்டிப் பார்த்தாள். “நான் சொல்லவா?”

“போடி, உன் வேலையைப் பாரு!”

கழுத்து நீண்ட விலங்கின் பெயரும் ஒருவழியாகச் சிக்கியது. இனி மஞ்சள் கட்டங்களில் விழுந்த எழுத்துகளை வரிசையாக எழுதினால் ஒளிந்திருக்கும் வாக்கியம் வந்துவிடும். எழுதினான். படித்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

அடுக்களையிலிருந்து வந்த அவன் மனைவி தாளைப் பிடுங்கி, தமிழிலேயே சத்தமாகச் சொன்னாள். “‘அப்பா, பென்சிலைப் பிள்ளைகிட்ட குடுங்க.’”

“டீச்சருக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று முனகினான்.

“அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்றாள் குட்டி, பந்தை நிறுத்தாமல். “இந்த வாரம் அவங்க வீட்டுப்பாடமே குடுக்கலை. இந்தப் புதிரைப் போட்டதே நான்தான்.”