அண்ணனின் புள்ளி

அண்ணனும் அண்ணியும் ஒரே இடத்தில் விழுந்திருந்தார்கள்.

வெண்மதி மடிக்கணினித் திரையை நெருங்கிப் பார்த்தாள். ஆளுக்கு ஒரு புள்ளி. இருவரின் ரத்தம் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறதோ, அந்த அளவுக்கு அவர்கள் புள்ளிகளும் நெருங்கி நிற்கும். செஞ்சியைச் சுற்றி ரத்தம் கொடுத்த மற்றவர்கள் எல்லோரும் தள்ளித் தள்ளி நிற்க, இந்த இரண்டு மட்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரே சோறு, ஒரே தண்ணீர் என்றால் ரத்தமுமா ஒன்றாகிவிடும்? அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டிக் கிண்டல் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் முதலில் போட்ட பழைய கணக்கில் இவர்கள் இருவரும் எட்ட எட்டத்தான் நின்றார்கள். அந்தக் கணக்கை யார் நம்பியது?

மைக்ரோஅரே சிப் என்பது ஒரு கண்ணாடிச் சில்லு. ரத்தத்தில் எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதை அதிலுள்ள ஆயிரக்கணக்கான பொட்டுகள் மினுங்கிச் சொல்லும். சொல்வதோடு சரி. ஒரே ரத்தத்தை இரண்டு சில்லில் விட்டால் இரண்டும் இரண்டு கதை சொல்லும். சென்னையில் அவளுடைய பேராசிரியர் அதைச் சொல்லிச் சொல்லியே அவள் மானத்தை வாங்கினார்.

அவளும் விடவில்லை. தப்பான மரபணுவைப் பிடித்துக்கொள்ளும் பொட்டுகளைத் தேடித் தேடிக் கழித்தாள். ஒரு சில்லு பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் இருந்தால் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். இப்போது எத்தனை சில்லில் விட்டாலும் ஒரே ரத்தம் ஒரே பேச்சுத்தான் பேசுகிறது. லீவுக்கு வீட்டுக்கு வந்த இடத்தில், கடைசியாக எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

ஒரே ரத்தம், ஒரே பேச்சு.

சிரிப்பு நின்றுவிட்டது.

ஆணின் ரத்தத்தில் மட்டும் இருக்கும் மரபணுக்கள் சில உண்டு. பெண்ணிடம் அவை கிடையவே கிடையாது. அண்ணன் இளவரசனின் பெயர் போட்ட சில்லில் அவற்றைத் தேடினாள். ஒன்றுகூட மினுங்கவில்லை. மற்ற ஆண்கள் எல்லோரிடமும் இருந்தன. அண்ணனிடம் மட்டும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் காலையிலேயே மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். வேர்க்கடலை சீசன், மல்லாட்டை வரத்து அதிகமாம். தெருமுனை வரை இருமிக்கொண்டே போனான். கேட்டால் மூட்டைத் தூசி என்பான். சட்டை தொளதொளத்துப் போனதற்கு வெயில்தான் காரணம் என்பான்.

கமிட்டியில் அவனோடு மூட்டை தூக்கும் பாவாடை என்பவருக்குக் காசநோய் என்று தெரிந்த பிறகுதான் அவள் இந்த வீட்டிலும் ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தாள். சளி காட்டுவதற்கு முன்பே ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியே. அன்றைக்கு அவள் வாசலில் ஐஸ் பெட்டியோடு நின்றாள். நர்ஸ் உள்ளே போய், பெயர் ஒட்டிய இரண்டு குழாய்களைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணி ரஞ்சனி டீயோடு வந்தாள். அன்றைக்கு அண்ணன் ரத்தம் கொடுத்தானா என்று வெண்மதி சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

“ஐய, அத்த ஏன் கேக்கற மதி. ஊசியப் பாத்தாலே உங்கண்ணன் மயங்கி உழுந்துடுவாரு. பாவமா இருந்துச்சி. நர்ஸம்மாகிட்ட கெஞ்சி, அவரு டியூபுக்கும் நானே குடுத்துட்டேன். புருஷன் பொண்டாட்டி தான, இன்னா வந்துடப் போவுது?”

சொல்லிவிட்டு அண்ணி சிரித்தாள். வெண்மதி அண்ணன் பெயர் போட்ட சில்லின் கணக்கை மறுபடி திறந்தாள்.

அந்தச் சில்லில் நோயின் தடமே இல்லை. பழைய கணக்கிலும் இல்லை, புதிய கணக்கிலும் இல்லை. அளந்ததில் எந்தக் குறையும் இல்லை. அண்ணனைத்தான் இதுவரை யாரும் அளக்கவே இல்லை.

ஆராய்ச்சியில் தெரிவதை வெளியே சொல்லக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். வல்லத்திலும் தொண்டூரிலும் ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான் சொன்னாள். அண்ணனிடம் மட்டும் வாய் நிற்கவில்லை. உனக்கு ஒன்றுமில்லை, நானே பார்த்துவிட்டேன் என்றாள். அதோடு அவன் ஆஸ்பத்திரியை மறந்தான்.

ஆஸ்பத்திரியை மட்டுமா?

பாவாடை விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவன் மொட்டை மாடியில் தனியாகப் படுத்துக்கொண்டிருந்தான். தட்டும் டம்ளரும் தனி. ஆசை ஆசையாகப் பெற்ற பிள்ளையை வாசலில் நின்றபடியே கொஞ்சிவிட்டுப் போவான்.

கீழே வா, பிள்ளையைத் தூக்கு என்று சொன்னவள் வெண்மதிதான். அன்றிலிருந்து குழந்தை அவன் மார்மேல்தான் தூங்குகிறது.

போனை எடுத்தாள். அண்ணன் எண்ணைத் தேடும்போது உள்ளே ஏணையில் கிடந்த குழந்தை இருமியது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இருமியது.

“ஒரு வாரமா இதே வெளையாட்டுதான். அவங்க நைனா மாதிரியே இருமிக் காட்டுது பாரு.”

பெருமையாகச் சொல்லிவிட்டு அண்ணி ஏணையை ஆட்டப் போனாள்.